நேரான எட்டு

எங்கள் வெறுங்கைச் சங்கத்தில் ஆளுக்கொரு பைத்தியம் உண்டு. கையுறை இல்லாமல் மனிதர்கள் குத்திக்கொண்ட காலத்துப் பொருட்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் நாங்கள். என்னிடம் அடியில் ஆணி வைத்த சண்டைக் காலணி ஒரு ஜோடி இருக்கிறது. செத்துப்போன ஒரு வீரனின் முஷ்டியை அப்படியே வார்த்தெடுத்த சுண்ணச்சாந்து அச்சு ஒன்றும் இருக்கிறது. என் மனைவி மேபல் அவற்றைச் சமையலறைப் பக்கம் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிற கையால், யாரோ சிந்திய ரத்தக்கறையைப் பூட்டிப் பூட்டி வைக்கிறீர்களே என்பாள். அந்த ரத்தம் சிந்தியவனும் ஆண்டவரின் பிள்ளைதானே என்று நான் சொல்வேன். அதை அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டதே இல்லை.

சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் கண் வைத்திருந்த ஒரு பொருள், எதையுமே சேர்க்காத ஒருத்தியிடம் இருந்தது. அவள் பெயர் கெசியா நாக்.

அந்தக் காலத்தில் சண்டைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் தனக்கென்று ஒரு பட்டுக் கைக்குட்டை உண்டு. அதை 'நிறம்' என்பார்கள். இருவரின் நிறங்களையும் களத்தின் மூலைக் கம்பில் கட்டுவார்கள். ஜெயித்தவன் போய்த் தோற்றவனின் நிறத்தைத் தன் கையால் அவிழ்த்துக்கொள்வான். அப்படி அவிழ்த்தெடுத்த துணிகள்தான் இன்று ஏலத்துக்கு வருகின்றன, துவைத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடிக்குள் தட்டையாக. கெசியாவிடம் இருந்தது அப்படியில்லை. ஒரு கை நீளத்துக்கு மேலே அறுத்த கம்பு, அதில் கறுப்புப் புள்ளி போட்ட மஞ்சள் பட்டு, கட்டிய முடிச்சு கட்டியபடி. அவளுடைய கொள்ளுத்தாத்தா சைலஸ் நாக் கட்டிய முடிச்சு அது. அதற்குப் பிறகு யார் விரலும் அதில் படவில்லை.

சைலஸ் நாக்கும் ஏபெல் ஹாட்லியும் மோதிய சண்டையைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதைகள் உண்டு. அந்தக் காலத்தில் இதற்குத் தடை இருந்ததால், இரண்டு மாவட்டங்கள் தொட்டுக்கொள்ளும் கால்வாய்க்கரை வயலில், போலீஸ் எந்தப் பக்கம் வந்தாலும் மறுபக்கம் ஓடிவிடலாம் என்று பார்த்து நடத்திய சண்டை அது. விழுந்தவனுக்கு அரை நிமிடம் ஓய்வு. அதற்கப்புறம் எட்டு எண்ணுவார்கள். எட்டு முடிவதற்குள் அவன் யார் கையும் படாமல் சொந்தக் காலில் நடந்து களத்தின் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கடைசிச் சுற்றில் சைலஸ் வந்து சேரவில்லை. அவரால் முடியவில்லை என்பது ஹாட்லி வீட்டுக் கதை. அவர் நடந்து வந்துகொண்டுதான் இருந்தார், ஹாட்லியின் ஆள் எட்டையும் ஒரே மூச்சில் எண்ணி முடித்துவிட்டான் என்பது நாக் வீட்டுக் கதை. நிறத்தை அவிழ்க்க ஏபெல் வந்தபோது மூலையில் கம்பே இல்லை. சைலஸின் மனைவி அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாராவது தோற்றுவிட்டு ஒத்துக்கொள்ளாமல் முரண்டு பிடித்தால் 'நாக் வேலை காட்டாதே' என்பார்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது என்று தெரியாத பிள்ளைகள்கூடச் சொல்லும். கெசியா ஐம்பது வருடம் சங்கிலி அடித்த உலைக்கூடத்தில், அவள் காது கேட்கவே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். செவ்வாயும் சனியும் அவள் வீட்டுக்கு ஒரு ரொட்டி. கல்யாணம் ஆகாதவள். நாக் என்ற பெயரில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். சம்மட்டி பிடித்த தோளும் கையும் எண்பது வயதிலும் அப்படியே இருந்தன. இடுப்புதான் போய்விட்டது. வாசலிலிருந்து அடுப்பங்கரைக்கு வருவதற்குள் ரொட்டியின் சூடு ஆறிவிடும். என்ன வலித்தாலும் எடுத்துக் கொடுக்கட்டுமா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாரம் ரொட்டி வேண்டாம் என்பாள்.

ஏபெலின் வழியில் வந்தவர் கிளெம் ஹாட்லி. பழைய இரும்பு வியாபாரி. நல்ல மனிதர்தான், கொஞ்சம் சத்தம் அதிகம். அலுவலகத்துக்கு மேலே ஓர் அறை முழுக்க ஏபெல் ஜெயித்த நிறங்களை மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும் தோற்றவனின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஒரே ஒரு சட்டம் மட்டும் காலி. ஆனால் தகடு காலியில்லை. 'சைலஸ் நாக்' என்று எப்போதோ வெட்டி வைத்துவிட்டார். அந்தத் தகட்டைப் பற்றி யாரோ கெசியாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த வசந்தத்தில் ஹாட்லி அவள் வீட்டுக்குப் போய் நல்ல விலை கேட்டிருக்கிறார். அவள் அரைக்கதவைத் திறக்காமல், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அந்தப் பணத்துக்கு நல்ல சோப்பாக வாங்கி வாயைக் கழுவிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். கோபம் வந்த மனிதர் நேராகச் சங்கத்துக்கு வந்தார்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம், பாதி விளையாட்டு, பாதி நிஜம். ஒரு பொருளைப் பற்றித் தகராறு வந்தால் பழைய களச் சட்டப்படியே தீர்ப்போம். வருடக் கூட்டம் நடக்கும் 'சம்மட்டி' என்ற மதுக்கடையில், தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. உரிமை கேட்பவன் கோட்டில் போய் நிற்பான். அரை நிமிடம் பொறுத்து அவனே எட்டு எண்ணுவான். மற்றவன் எட்டுக்குள் தானாக நடந்து வந்து கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பொருள் கேட்டவனுக்கு. எல்லோருக்கும் நல்ல கால் இருப்பதால் இதுவரை எல்லோரும் தொட்டிருக்கிறார்கள். தொட்ட பிறகு சமாதானம் பேசிவிட்டு மது வாங்கிக் கொடுப்பார்கள். ஹாட்லி அந்தச் சட்டப்படி கெசியாவிடம் இருந்த நிறத்துக்கு உரிமை கேட்டார். தோற்றவனின் நிறம் ஜெயித்தவனுக்குத்தானே, அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம் என்றார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

சங்கச் செயலாளர் என்ற முறையில் செய்தியைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொல்லிவிட்டு, வரவேண்டாம் என்றும் சொன்னேன். நீங்கள் உறுப்பினர் இல்லை, இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு, வராவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது என்றேன். அவள் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எட்டை யார் எண்ணுவார்கள் என்று கேட்டாள். ஹாட்லிதான் என்றேன்.

"அவன் வாயாலயா?"

"ஆமாம், மிஸ் நாக்."

"அப்ப வர்றேன்னு சொல்லு."

தோற்றால் துணி போய்விடும், முடிச்சை அவிழ்த்து இஸ்திரி போட்டு அந்தத் தகட்டுக்கு மேலே மாட்டிவிடுவார் என்று எடுத்துச் சொன்னேன்.

"துணி கிடக்கட்டும் ஹோரஸ். எங்கப்பா சாகுற அன்னிக்குக்கூட அதைத்தான் கேட்டாரு, நேரா எண்ணியிருந்தா தாத்தா வந்திருப்பாரான்னு. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒரு ஹாட்லி நேரா எட்டு எண்ணி ஒரு நாக் கேக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

அன்றிரவு படுக்கைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டபோது அவள் ஜெயிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விழாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

கூட்ட நாளன்று என் வண்டியிலேயே அவளைக் கூட்டிப்போனேன். மாவுச் சாக்கில் சுற்றிய கம்பை வழியெல்லாம் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள். மதுக்கடையில் பட்டாணியும் பன்றி இறைச்சியும் வேகிற வாசனை. எல்லோரும் தட்டும் கோப்பையுமாக இருந்தவர்கள், அவள் இரண்டு ஊன்றுகோலோடு வாசலைத் தாண்டி வர வர ஒவ்வொருவராகச் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைக்காரி எட்னா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஹாட்லி கோட்டுக்குப் பக்கத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றவர், அவள் நடப்பதைப் பார்த்ததும் கையை மெல்ல இறக்கினார். அவள் அரைக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். திட்டுகிற தெம்பைப் பார்த்து, இப்படி நடப்பாள் என்று நினைக்கவில்லை.

நாற்காலிக்கும் கோட்டுக்கும் இடையே இரண்டு மேசை நீளம் இருக்கும். எட்னா ஈரத்துணியோடு குனிந்து, கோடு அழிந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் இந்தப் பக்கமாகப் போடுகிறேன் என்று முணுமுணுத்தாள்.

"அதுல கை வெச்ச, அந்தத் துணியாலேயே உன்னை அடிப்பேன்," என்றாள் கெசியா. "போட்ட கோடு போட்ட இடத்துல இருக்கட்டும்."

ஹாட்லி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊன்றுகோல் வெச்சுக்கலாம், மிஸ் நாக். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"சைலஸ் நாக் கோல் ஊன்றிக்கிட்டா வந்தாரு?"

இரண்டையும் என்னிடம் நீட்டினாள். நான்தான் அவளுக்குத் துணையாள். அரை நிமிடம் முடியும்வரை தாங்கிப் பிடிக்கலாம், அதற்குமேல் விட்டுவிட வேண்டும். ஒரு கையில் கடியாரத்தையும் மறு கையில் அவள் முழங்கையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்மட்டி பிடித்த கை. நேரம் ஆனதும் விட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விட்டதில்லை.

"ஒண்ணு," என்றார் ஹாட்லி.

அவள் ஓர் அடி வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், வழியின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கை நீட்டவில்லை. ஆனால் நாற்காலிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓசையில்லாமல், உட்கார்ந்தபடியே, ஒவ்வொருவராகத் தங்கள் நாற்காலியின் முதுகை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு வேலி மாதிரி ஆகிவிட்டது. அவள் பார்த்தாள், முறைத்தாள், ஆனால் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு." ஹாட்லி கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "மூணு." கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், மடித்து வைத்தார், வேறு பைக்கு மாற்றினார். "நாலு." பக்கத்தில் இருந்தவனிடம், வெளியே மழை தூறுகிறதா பார் என்றார். அவன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, தூறவில்லை ஆனால் தூறலாம் என்றான். சிரிப்பை அடக்கமுடியாமல் சிலர் தட்டைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரும்பை எடைபோட்டே பழகிய அந்த மனிதருக்குள் இப்படி ஒரு மென்மையா என்று கர்த்தரைத் துதித்தேன். "அஞ்சு," என்று சொல்லிவிட்டு ஹாட்லி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதி வழியில் கெசியா நின்றுவிட்டாள்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"தொண்டை கட்டிக்கிச்சு, மிஸ் நாக். நீங்க வாங்க."

"உங்க கொள்ளுத்தாத்தன் ஆளுக்குத் தொண்டை கட்டலையே. மூச்சு விடாம எண்ணினானே."

யாரும் சிரிக்கவில்லை.

"வேகமா எண்ணி ஒரு தடவை எங்களை ஏமாத்துனீங்க. இப்ப மெதுவா எண்ணி ஏமாத்தப் பாக்குற. பாவம்னு குடுக்குறதை வாங்கவா நான் இந்த இடுப்பைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தேன்?" அவள் குரல் உயரவில்லை. "நேரா எண்ணு. கடியாரத்துல எப்படி ஓடுதோ அப்படி. அதைத்தான் கேக்க வந்தேன்."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்த இடத்துல கிடந்து திட்டுவேன். உனக்கு என்ன நஷ்டம்?"

அப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பினாள். வந்த வழியே, நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து, பழைய இடத்துக்கே போனாள். போய்ச் சேர்ந்ததும், நாற்காலியெல்லாம் பின்னால் தள்ளுங்கடா பசங்களா, இது கல்யாண ஊர்வலம் இல்லை என்றாள். எழுபது வயதுப் பசங்களும் தள்ளினார்கள். ஹாட்லியின் முகம் அடுப்பு மாதிரி சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கடியாரத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

இந்த முறை அவர் என் கையிலிருந்த கடியாரத்தின் முள்ளைப் பார்த்தே எண்ணினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒவ்வோர் எண்ணையும் அவர் வாயிலிருந்து பிடுங்கி எடுப்பது போலிருந்தது. அவள் பிடிக்க ஒன்றும் இல்லாமல், இரண்டு கையையும் தராசு போல விரித்துக்கொண்டு வந்தாள். வலது கால் வைப்பாள், இடுப்பு சாயும், எல்லோர் தோளும் கூடவே சாயும், நிமிர்வாள். நாலில் பாதி வந்திருந்தாள். ஆறில் உதட்டைக் கடித்தாள். ஏழில் எட்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டு," என்றார் ஹாட்லி. அந்தச் சொல் கேட்காதபடி சொல்லிவிட முடியுமா என்று பார்த்தார் போல. ஆனால் சொன்னார்.

கெசியா நின்ற இடத்தில் குனிந்து பார்த்தாள். அவள் செருப்பு நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"ஒரு சாண்," என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் கையை நீட்டினாள். நான் ஊன்றுகோலைக் கொடுக்கப்போனேன். அது இல்லை, கம்பு என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். சாக்கை உருவிப்போட்டு, மஞ்சள் பட்டு மேலே இருக்கும்படி ஹாட்லியிடம் நீட்டினாள்.

"வேணாம், மிஸ் நாக். நான் ஏதோ கோபத்துல கேட்டேன். நீங்களே வெச்சுக்குங்க."

"வாங்குடா. நேரா எண்ணின, நேரா தோத்தேன். எங்க குடும்பத்துல முதல் தடவையா ஒருத்தி ஒழுங்கா தோத்திருக்கேன், அதைக் கெடுக்காத. அவிழ்த்துக்கோ."

அவர் வாங்கினார். அவர் வாங்கும்போது கை கொஞ்சம் தாழ்ந்தது, கம்பு அவ்வளவு கனமில்லை. இரும்பு தூக்கித் தடித்த விரல்களை முடிச்சின்மேல் வைத்தார். பட்டு சருகு போல ஒரு சத்தம் கொடுத்தது. விரலை எடுத்துவிட்டார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் உள்மடிப்பில் வெயில் படாத மஞ்சள் இன்னும் புதிதாக இருந்தது.

"இது இப்ப என்னுதுதானே?"

"உன்னுதுதான்."

"அப்ப எப்ப அவிழ்க்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

அவள் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். சட்டம் என்ன சொல்லுது ஹோரஸ், பொய் சொல்லாத என்றாள். நான் பொய் சொல்லவில்லை. தோற்றவனின் நிறம் ஜெயித்தவனுடையது, அவனே தன் கையால் அவிழ்க்க வேண்டும் என்றுதான் சட்டம். எந்த நாளைக்குள் என்று அதில் இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கு இன்னிக்கு அவசரம் இல்லை," என்றார் ஹாட்லி. "அடுத்த வருஷக் கூட்டத்துல, இதே கோட்டுல வெச்சுப் பாக்கலாம்."

இது இரக்கமா, சட்டமா என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். அவர் முகத்தில் எதுவும் காட்டாமல் நின்றார். அதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"அடுத்த வருஷம் நீ கேக்க வேணாம்," என்றாள் கடைசியில். "நான் கேப்பேன். கோட்டுல நான் நிப்பேன், நீ நடந்து வா. ஆனா அதுக்கு முன்னாடி நான் இன்னொரு தடவை நடக்குறேன், நீ நேரா எண்ணு. ஒரு சாண்தானே குறைஞ்சுது."

எட்னா அவளுக்கு ஒரு தட்டுப் பட்டாணி கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை அவள் மறுக்கவில்லை. உப்பு குறைவு என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போது என் வண்டி கிளம்பவில்லை, அக்டோபர் ஈரத்தில் அது அப்படித்தான். ஹாட்லி தன் பழைய இரும்பு ஏற்றும் லாரியில், முன் இருக்கையில் உட்கார வைத்து, அவளை வீட்டில் விட்டார். கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது, வேகத்தைக் குறை, ஒழுங்காக எண்ணத் தெரிந்த ஒரே ஹாட்லி நீதான், கவிழ்த்துவிடாதே என்றாளாம். இதை எனக்குச் சொன்னவர் ஹாட்லி. சொல்லும்போது ஏதோ பதக்கம் வாங்கியவர் போல இருந்தார்.

கம்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் போகாது என்பதால் அதை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, ஹாட்லி தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தொட வருகிறவர்களின் கையைத் தட்டிவிடுகிறார்.

மேபலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதுவரை பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைத்தாள். எட்டு முடிந்த பிறகு அந்தப் பெண்மணியின் இடுப்பை யாராவது தாங்கினீர்களா என்று கேட்டாள். இல்லை, அவள் விடமாட்டாள் என்றேன். மேபல் கம்பளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, சரியாகத்தான் செய்தீர்கள் என்றாள்.

இந்தக் குளிர்காலத்தில் செவ்வாயும் சனியும் கெசியா வீட்டு முற்றத்துக்குள் நுழையும்போது நான் சத்தமில்லாமல் நுழைகிறேன். கரி வைக்கும் கொட்டகைக்கும் வாசற்படிக்கும் நடுவே, ஊன்றுகோல் இல்லாமல், பனியில் கையை விரித்துக்கொண்டு அவள் நடந்து கொண்டிருக்கிறாள். வாய்க்குள் எண்ணுகிறாள். சில நாள் ஆறில் நின்றுவிடுகிறாள். என்னைப் பார்த்தால், வேடிக்கை பார்க்கவா ரொட்டி கொண்டு வந்த, போடா என்கிறாள். போன சனிக்கிழமை பனி வழுக்கி ஒரு முழங்கால் மடிந்துவிட்டது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. அவள் தானாக எழுந்தாள். கொட்டகைவரை போய், திரும்பி, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான் ரொட்டியை ஜன்னல் விளிம்பில், பனி படாத பக்கமாக வைத்துவிட்டு, வேலிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.